மூச்சுக்கும் ஒரு கணக்கு உண்டு



வர்த்தகம் செய்யும் நம்மவர்களுக்குக் கணக்கின் அருமையை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நாள்வழியில் பதியாத செலவும், பேரேட்டில் ஏறாத கடனும் வருஷ முடிவில் முதலைத் தின்றுவிட்டு நிற்கும் என்பதை நாம் அனுபவத்தில் கண்டிருக்கிறோம். கல்லாவில் ஐந்து வெள்ளி குறைந்தால் அன்றிரவே கண்டுபிடித்துவிடுகிறோம். ஆனால் தேகத்தின் விஷயத்தில் நாம் காட்டும் அசட்டை கொஞ்சநஞ்சமல்ல. மூச்சு சிறுகச் சிறுகக் குறைந்து வருவதை ஐந்து வருஷம், பத்து வருஷம் என்று கவனியாமல் விட்டுவிட்டு, பேச முடியாமல் மூச்சு முட்டும் நாளில் ஆம்புலன்ஸில் ஏறுகிறோம்.

இந்தப் பாடத்தில் நாம் எடுத்துக்கொண்டிருப்பது நாட்பட்ட சுவாச நோய். அதைப் பற்றி இரண்டு விஷயங்களைச் சொல்ல விரும்புகிறோம். நோயை ஆரம்பத்திலேயே கண்டறிய வேண்டும் என்பது ஒன்று. டாக்டரிடம் உள்ளதை உள்ளபடி, விளங்கும்படி பேச வேண்டும் என்பது மற்றொன்று. சற்று யோசித்தால் இவ்விரண்டும் ஒன்றே என்பது புலப்படும். ஆரம்ப நிலையில் இந்த நோய் முகத்தில் தெரியாது, நாடியில் தெரியாது, பெரும்பாலும் எக்ஸ்ரே படத்திலும் தெரியாது. நோயாளியின் வாய்ச்சொல்தான் அப்போது டாக்டருக்கு வழிகாட்டி. அந்த வாய் மூடிக்கொண்டால் எவ்வளவு கெட்டிக்கார டாக்டராயினும் என்ன செய்வார்?

நோயின் தன்மை

நாம் உள்ளிழுக்கும் காற்று மூச்சுக்குழாய் வழியாகச் சென்று, மரத்தின் கிளைகள் போல் பிரிந்து பிரிந்து போகும் சிறு குழாய்களில் புகுந்து, கடைசியில் நுண்ணிய காற்றுப் பைகளை அடைகிறது. இத்தகைய பைகள் நம் இரு நுரையீரல்களிலும் கோடிக்கணக்கில் உள்ளன. இரத்தம் பிராணவாயுவை ஏற்றுக்கொள்வது இங்கேதான்.

வருஷக்கணக்கில் புகையும் தூசியும் உள்ளே போனால் இரண்டு கெடுதல்கள் நேரிடுகின்றன. சிறு குழாய்கள் வீங்கிச் சளி கட்டி ஒடுங்குவது முதல் கெடுதல். காற்றுப் பைகளின் மெல்லிய சுவர்கள் உடைந்து, அவற்றின் சுருங்கி விரியும் சக்தி போய்விடுவது இரண்டாவது. இதனால் உள்ளே போன காற்று முழுவதும் வெளியே வர முடியாமல் தங்கிவிடுகிறது. பழைய காற்று இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும்போது புதிய காற்று எங்கே நுழையும்? இதைத்தான் டாக்டர்கள் நாட்பட்ட சுவாசத் தடை நோய் என்றும், சுருக்கமாக சி.ஓ.பி.டி. என்றும் கூறுகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ம் ஆண்டில் இந்நோயால் உலகெங்கும் சுமார் 35 லட்சம் பேர் இறந்தனர். அந்த ஆண்டில் மரணத்துக்குக் காரணமானவற்றில் இது நான்காவது இடத்தில் இருந்தது.

நம்மவர்கள் ஆஸ்துமா, இரைப்பு, இழுப்பு, சளி, காசம் என்று எல்லாவற்றையும் ஒரே பெயராகப் போட்டுக் குழப்பிக்கொள்வது உண்டு. ஆஸ்துமா பெரும்பாலும் இளம் வயதிலேயே தொடங்கும், வரும், போகும், இடையில் ஆள் நன்றாக இருப்பார். சி.ஓ.பி.டி. பெரும்பாலும் 40 வயதுக்கு மேல் தலைகாட்டும், வந்தால் போகாது, மெதுவாக ஏறிக்கொண்டே இருக்கும். காசநோய் கிருமியினால் வருவது, பிறருக்குத் தொற்றும், உரிய மருந்தை உரிய காலம் சாப்பிட்டால் குணமாகும். மூன்றுக்கும் இருமல் பொது. ஆகையால் எது என்று நாமே தீர்மானிப்பது தவறு.

யாருக்கு வரும்?

முதல் காரணம் புகைபிடித்தல். மலேசிய அரசாங்கம் 2019-ம் ஆண்டில் எடுத்த தேசிய சுகாதார ஆய்வின்படி, 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் 100-க்கு 40 பேர் புகைபிடிப்பவர்களாக இருந்தனர். அதே ஆண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்து உணவுக் கடைகளில் புகைபிடிப்பது தடை செய்யப்பட்டது. அதனால் நம் கடை மேஜைகளில் புகை குறைந்தது உண்மை. ஆனால் கடையின் பின்சந்தில் நின்று ஊதுகிற பழக்கம் குறைந்ததா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

சிகரெட்டைத் தொட்டறியாதவர்களுக்கும் இந்நோய் வருகிறது என்பதைப் பலர் அறியார். நம் பேராக் மாநிலத்தின் பழைய தொழில்களை நினைத்துப் பாருங்கள். ரப்பர் தோட்டங்களில் ஷீட்டுகளைப் புகையில் உலர்த்தும் புகைக்கூடங்கள். தோட்ட லயங்களில் விறகு அடுப்பின் முன் குனிந்து ஊதி ஊதிச் சமைத்த நம் தாய்மார்கள். கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்கள். ஈப்போவைச் சுற்றியுள்ள சுண்ணாம்புக்கல் மலைகளில் கல் உடைக்கும் இடங்கள். கோலா செபெத்தாங்கின் கரி சூளைகள். இவற்றில் காலத்தைக் கழித்தவர்களில் பலர் இன்று பிள்ளைகள் வீட்டில் வயோதிகர்களாக இருக்கின்றனர். அவர்கள் இருமினால், "கிழவிக்கு எப்போதும் இந்த இருமல்தான்" என்று ஒதுக்கிவிடலாகாது. தோட்டத்தைவிட்டு வந்து 30 வருஷம் ஆனாலும், அன்று குடித்த புகையின் பயன் இன்று தெரியக்கூடும்.

இன்றைய தொழில்களிலும் ஆபத்து இல்லாமலில்லை. ரொட்டி சானாய் கல்லின் முன்னும், மீன் சுடும் கரி அடுப்பின் முன்னும் தினம் பத்து மணி நேரம் நிற்பவர், மிளகாயும் மல்லியும் அரைக்கும் மில்லில் வேலை செய்பவர், 1997, 2015, 2019-ம் ஆண்டுகளில் கண்டது போன்ற புகைமூட்டக் காலத்திலும் வாசலில் நின்று வியாபாரம் செய்பவர் ஆகிய எல்லோருக்கும் இந்த எச்சரிக்கை உரியது. முன்பு காசநோய் வந்து குணமானவர்களுக்கும் நுரையீரலில் வடு தங்கிப் பிற்காலத்தில் மூச்சுத் தடை ஏற்படலாம்.

ஏன் தாமதமாகிறது?

அல்லாஹ் நமக்கு அளித்திருக்கும் மூச்சின் முதல் மிகப் பெரியது. சாதாரணமாக உட்கார்ந்து வியாபாரம் பார்ப்பதற்கு அதில் ஒரு சிறு பங்கே போதும். ஆகவே பெரும் பங்கு கரைந்த பிறகும் ஒன்றும் குறையாதது போலவே தோன்றும். கையிருப்பிலிருந்து எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டு, வியாபாரம் நன்றாக நடப்பதாக எண்ணும் முதலாளியின் நிலை இது.

இன்னொரு காரணமும் உண்டு. மூச்சு குறையக் குறைய, மனிதன் தன்னை அறியாமலே வேலையைக் குறைத்துக்கொள்கிறான். முன்பு அரிசி மூட்டையைத் தானே இறக்கியவர் இப்போது கடைப் பையனைக் கூப்பிடுகிறார். மாடிப்படி ஏறிச் சரக்கு எடுத்தவர் கீழேயே உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறார். பங்கோர் படகைப் பிடிக்க வேகமாக நடந்தவர் அடுத்த படகுக்குக் காத்திருக்கிறார். இவையெல்லாம் வயதின் மரியாதை என்று நினைத்துக்கொள்கிறோம். கேட்டால், "எனக்கு மூச்சு வாங்குவதே இல்லை" என்போம். மூச்சு வாங்கும் வேலைகளை விட்டுவிட்டோம் என்பதை மறந்துபோவோம்.

இத்துடன் பயமும் சேர்ந்துகொள்கிறது. இருமல் என்று போனால் காசநோய் என்று சொல்லி ஒதுக்கிவிடுவார்களோ என்ற அச்சம் நம் பெரியவர்களிடம் இன்னும் இருக்கிறது. மலாயாவில் காசநோயாளிகளை மாதக்கணக்கில் தனியே வைத்திருந்த காலத்தின் ஞாபகம் அது. தேசியக் காசநோய்த் தடுப்புத் திட்டம் 1961-ம் ஆண்டிலேயே தொடங்கி, வைத்திய முறை எவ்வளவோ மாறிவிட்டது. ஆனால் அச்சம் மாறவில்லை. "சிகரெட்டை விடச் சொல்வார்" என்ற கூச்சமும், "கடையை யார் பார்ப்பது?" என்ற சாக்கும் எஞ்சிய காரியத்தைச் செய்துவிடுகின்றன.

ஒரு டாக்டரின் ஆராய்ச்சி

சார்லஸ் பிளெச்சர் என்னும் ஆங்கிலேய டாக்டரைப் பற்றி இங்கே கூறுவது பொருத்தமாகும். 1941-ம் ஆண்டில் ஆக்ஸ்போர்டில் பென்சிலின் மருந்தை ஒரு நோயாளிக்கு முதன்முதல் ஊசிமூலம் செலுத்தியவர் இவர். பின்னர் வேல்ஸ் நாட்டில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் நுரையீரல் நோயை ஆராய்ந்தார். "மூச்சு வாங்குகிறதா?" என்று பொதுவாகக் கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்வதைக் கண்டு, எல்லோரிடமும் ஒரே விதமாகக் கேட்கத்தக்க கேள்விகளை 1950-களில் வகுத்தார். எவ்வளவு மூச்சு என்று கேளாமல், எந்த வேலையில் மூச்சு வாங்குகிறது என்று கேட்பதே அம்முறை. இன்று உலகெங்கும் டாக்டர்கள் கையாளும் மூச்சு வாங்கும் அளவுகோல் அதிலிருந்து வளர்ந்ததேயாகும்.

1961-ம் ஆண்டு முதல் எட்டு வருஷம், லண்டனில் வேலை செய்யும் 792 ஆண்களின் மூச்சை அவரும் அவரது கூட்டத்தாரும் திரும்பத் திரும்ப அளந்தனர். முடிவை ரிச்சர்ட் பீட்டோ என்பவருடன் சேர்ந்து 1977-ல் வெளியிட்டார். அதன் சாரம் இது: நடுவயதுக்குப் பின் எல்லோருக்கும் மூச்சின் சக்தி வருஷந்தோறும் சிறிது குறையும். புகைபிடிப்பவர்களில் ஒரு சாராருக்கு அது வெகு வேகமாகக் குறையும். புகைப்பதை நிறுத்தினால் போன மூச்சு திரும்பி வராது. ஆனால் அன்று முதல் குறையும் வேகம் புகைபிடிக்காதவரின் வேகத்தை ஒட்டி வந்துவிடும்.

சகோதரர்களே! இந்த ஒரு முடிவைச் சரியாக விளங்கிக்கொண்டால் இப்பாடத்தின் பெரும் பகுதி விளங்கிவிடும். போனது வராது, ஆகவே முன்கூட்டிப் பார்க்க வேண்டும். இருப்பதைக் காக்கலாம், ஆகவே 60 வயதில் நிறுத்தினாலும் பலன் உண்டு. "இத்தனை வருஷம் குடித்தாயிற்று, இனி விட்டு என்ன?" என்ற பேச்சுக்கு இதில் இடமே இல்லை.

அறிகுறிகளும் அளவுகோலும்

40 வயதைத் தாண்டியவர், புகையிலோ தூசியிலோ பழகியவர், கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் டாக்டரைப் பார்க்க வேண்டும்: நாட்பட்ட இருமல், காலையில் தொடர்ந்து சளி கட்டுதல், நடக்கும்போது மூச்சு வாங்குதல், நெஞ்சில் விசில் போன்ற சத்தம், சாதாரண ஜலதோஷம் ஒவ்வொரு முறையும் நெஞ்சில் இறங்கி வாரக்கணக்கில் நீடித்தல்.

இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் வயது எதுவாயினும் காசநோய்க்குச் சளிப் பரிசோதனை செய்துகொள்வது அவசியம். 2022, 2023-ம் ஆண்டுகளில் ஒவ்வொன்றிலும் மலேசியாவில் 25 ஆயிரத்துக்கு மேற்பட்டோருக்குக் காசநோய் கண்டுபிடிக்கப்பட்டது. சளியில் இரத்தம் கண்டாலும், காரணமின்றி உடல் மெலிந்தாலும் ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

மூச்சு வாங்கும் அளவுகோலை நம் அன்றாட வாழ்க்கைக்குப் பொருத்தித் தருகிறோம். ஒவ்வொருவரும் தம் படி எது என்று பார்த்துக்கொள்ளலாம்.

0. கடினமான வேலை செய்தால் மட்டும் மூச்சு வாங்கும்.
1. சமதரையில் அவசரமாக நடந்தால், அல்லது சிறு மேட்டில் ஏறினால் மூச்சு வாங்கும்.
2. ஜும்ஆவுக்குச் சம வயதுக்காரருடன் சேர்ந்து நடந்தால் பின்தங்கிவிடுகிறார். அல்லது தம் சொந்த நடையிலும் நின்று மூச்சு விட வேண்டியிருக்கிறது.
3. சுமார் 100 மீட்டர், அல்லது சில நிமிஷங்கள் நடந்ததும் நிற்க வேண்டியிருக்கிறது.
4. வீட்டைவிட்டு வெளியே போக முடியாத அளவு மூச்சு வாங்குகிறது. சட்டை போடுவதற்கும் கழற்றுவதற்கும் கூட மூச்சு வாங்குகிறது.

நம்மில் பலர் மூன்றாம் படிக்கு வந்த பிறகே ஆஸ்பத்திரியை நினைக்கிறோம். முதல் படியில் போவதே புத்திசாலித்தனம். மூச்சு வாங்குவதற்கு இருதய நோயும் இரத்தச் சோகையும்கூடக் காரணமாகலாம். அதைப் பிரித்தறியவும் டாக்டர் வேண்டும்.

ஊதும் சோதனை

இந்நோயை நிச்சயிக்க ஸ்பைரோமெட்ரி என்னும் ஊதும் சோதனை உண்டு. ஜான் ஹட்சின்சன் என்பவர் 1846-ம் ஆண்டில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோரின் மூச்சை ஒரு கருவியால் அளந்து வெளியிட்ட முறையே இதற்கு மூலம். ஊசி இல்லை, வலி இல்லை. நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து, ஒரு குழாயில் பலங்கொண்ட மட்டும் வேகமாக ஊதி, காற்று தீரும் வரை விடாமல் ஊத வேண்டும். குழாய்களை விரிக்கும் மருந்தைக் கொடுத்து மறுபடியும் ஊதச் சொல்வார்கள். ஊதிய மொத்தக் காற்று 100 பங்கு என்றால், முதல் ஒரு வினாடியில் 70 பங்குக்குக் குறைவாக வந்தால் குழாயில் தடை உண்டு என்று பொருள்.

"எக்ஸ்ரே எடுத்தேன், ஒன்றுமில்லை என்றார்கள்" என்று திருப்தியடைந்துவிடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எக்ஸ்ரே நுரையீரலின் உருவத்தைக் காட்டும். மூச்சின் வேகத்தை அளக்காது. ஆகவே, "டாக்டர், எனக்கு ஊதும் சோதனை தேவைப்படுமா?" என்று கேட்பதில் தவறேதுமில்லை. கிளினிக் கெசிஹாத்தான் எனப்படும் அரசாங்கச் சுகாதார நிலையத்தில் குடிமக்கள் வெளிநோயாளியாகக் காட்ட ஒரு வெள்ளிதான் கட்டணம். அங்கிருந்து டாக்டர் தேவைப்பட்டால் ஸ்ரீ மஞ்சோங் ஆஸ்பத்திரிக்கோ, ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் ஆஸ்பத்திரிக்கோ கடிதம் கொடுத்து அனுப்புவார்.

டாக்டரிடம் பேசும் முறை

உதாரணத்துக்கு ஒரு சம்பாஷணையைப் பார்ப்போம்.

டாக்டர்: என்ன செய்கிறது?
வந்தவர்: ஒன்றுமில்லை டாக்டர், கொஞ்சம் இருமல்.
டாக்டர்: எத்தனை நாளாக?
வந்தவர்: இப்போது கொஞ்ச நாளாக.
டாக்டர்: சிகரெட் உண்டா?
வந்தவர்: எப்போதாவது ஒன்று.

டாக்டர் இருமல் மருந்து எழுதிக்கொடுத்தார். வேறு என்ன செய்ய முடியும்? அதே மனிதர் இப்படிச் சொல்லியிருந்தால்?

"டாக்டர், எனக்கு 54 வயது. 22 வயதிலிருந்து தினம் ஒரு பெட்டி சிகரெட். மூன்று வருஷமாகக் காலையில் சளியோடு இருமல். போன வருஷம் படகுத்துறையிலிருந்து கடைக்கு நிற்காமல் நடந்தேன். இப்போது நடுவில் ஒரு தடவை நிற்கிறேன். இந்த வருஷத்தில் இரண்டு முறை சளி நெஞ்சில் இறங்கிப் பத்து நாள் படுத்துவிட்டேன்."

இதைச் சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகாது. ஆனால் இதைக் கேட்ட டாக்டர் இருமல் மருந்தோடு அனுப்பிவிட மாட்டார். முதல் பதிலில் "கொஞ்சம்", "எப்போதாவது" என்ற சொற்கள் இருந்தன. இரண்டாவதில் எண்களும் காலமும் இருந்தன. கடனாளி "கொஞ்சம் பாக்கி" என்றால் நாம் ஒப்புக்கொள்வோமா? எவ்வளவு, எந்தத் தேதியிலிருந்து என்றுதானே கேட்போம்?

ஆகவே டாக்டரிடம் போகுமுன் ஒரு துண்டுக் காகிதத்தில் இவற்றை எழுதிக்கொள்வது நலம்:

1. இருமல், சளி, மூச்சு வாங்குதல் ஒவ்வொன்றும் எப்போது தொடங்கியது.
2. சென்ற வருஷம் செய்த எந்த வேலையை இவ்வருஷம் செய்ய முடியவில்லை.
3. புகையின் கணக்கு. தினம் 20 சிகரெட் வீதம் 32 வருஷம் என்றால் டாக்டர் கணக்கில் 32. தினம் 10 என்றால் 16. பீடி, சுருட்டு, வேப் ஆகியவற்றையும் சொல்ல வேண்டும்.
4. செய்த தொழில்கள் அனைத்தும்: தோட்டம், சுரங்கம், சமையற்கட்டு, மில்.
5. சாப்பிடும் மருந்துகள். ஊரிலிருந்து வந்த மாத்திரை, நாட்டு மருந்து, நண்பர் கொடுத்த இன்ஹேலர் எதையும் மறைக்காமல் பையோடு எடுத்துச் செல்ல வேண்டும்.

மொழி ஒரு தடையாகலாம். நாம் தமிழில் நினைத்து மலாயில் சொல்லும்போது பொருள் மாறிவிடுகிறது. மூச்சு வாங்குவதை "பெனாட்" என்று சொன்னால் வெறும் களைப்பு என்று கொள்ளவும் இடமுண்டு. "செசாக் நாஃபாஸ்" என்றால் மூச்சு முட்டல், "பாத்தோக்" இருமல், "காஹாக்" சளி, "டாரா" இரத்தம். இந்த நான்கு சொற்களையும் வீட்டுப் பெண்களும் தெரிந்திருப்பது நல்லது. தமிழிலும் "நெஞ்சடைக்கிறது" என்று மட்டும் சொன்னால் வலியா, மூச்சா என்று விளங்காது. பிரித்துச் சொல்ல வேண்டும். முடிந்தால் மகனையோ மனைவியையோ உடன் அழைத்துச் செல்லலாம். இரவில் இருமுவதை உறங்குகிறவரைவிட அருகில் இருப்பவர் நன்கு அறிவார்.

புறப்படுமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்: எனக்கு இருப்பது என்ன? நான் செய்ய வேண்டியது என்ன? எந்த அடையாளம் கண்டால் உடனே திரும்பி வர வேண்டும்? டாக்டர் சொன்னதை நம் வாயால் திருப்பிச் சொல்லிக் காட்டினால், தவறாக விளங்கியிருந்தால் அவரே திருத்துவார். நாம் முன்னே குறிப்பிட்ட டாக்டர் பிளெச்சர் நோயாளியும் டாக்டரும் பேசிக்கொள்ளும் முறையைப் பற்றியே 1973-ல் ஒரு நூல் வெளியிட்டார். பேச்சு சரியாக இல்லாவிட்டால் வைத்தியம் சரியாக நடவாது என்பதை டாக்டர்களுக்கும் அவர் வற்புறுத்தினார். ஆகவே, கேள்வி கேட்பதை மரியாதைக் குறைவென்று எண்ண வேண்டாம்.

சென்னை தந்த படிப்பினை

மருந்து விஷயத்தில் உண்மை பேசுவதன் அவசியத்தை நம் தாய்த்தமிழகத்தில் நடந்த ஒரு பெரிய ஆராய்ச்சி காட்டுகிறது. 1956-ம் ஆண்டில் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. அங்கே 193 ஏழை நோயாளிகளில் ஒரு பாதியினரைச் சானடோரியத்திலும், மறு பாதியினரை அவர்களுடைய நெருக்கடியான வீடுகளிலும் வைத்து ஒரு வருஷம் மருந்து கொடுத்தனர். 1959-ல் முடிவு வெளிவந்தது. நல்ல உணவும் ஓய்வும் கிடைத்த சானடோரியத்தாரைப் போலவே, வீட்டிலிருந்தவர்களும் பெரும்பாலோர் தேறினர். மருந்து ஒழுங்காக உள்ளே போனால் வீடே போதும் என்பதை உலகம் கற்றுக்கொண்டது சென்னையில்தான்.

அதே நிலையத்தார் இன்னொன்றையும் கண்டனர். முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்று மாத்திரைகளை எண்ணியும், சிறுநீரைச் சோதித்தும் பார்த்தபோது, ஒழுங்காகச் சாப்பிடுவதாகச் சொன்னவர்களிலும் சிலர் விட்டுவிட்டது தெரிந்தது. உடம்பு தேறியதாகத் தோன்றியதும் மருந்தை மறப்பது மனித சுபாவம். சில மருந்துகளை மற்றொருவர் முன்னிலையில் விழுங்கச் செய்யும் முறை வளர்வதற்கு இந்த அனுபவமும் காரணமாயிற்று. ஆகவே, "நான்கு நாள் விட்டுவிட்டேன் டாக்டர்" என்று ஒப்புக்கொள்வதில் அவமானமில்லை. அதை மறைத்தால், மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து டாக்டர் வேறு மருந்தைக் கூட்டிவிடக்கூடும்.

இன்ஹேலர், நோன்பு, ஹஜ்

சி.ஓ.பி.டி.க்கு முக்கிய மருந்து உறிஞ்சும் மருந்தாகிய இன்ஹேலர். அது பழக்கமாகி அடிமையாக்கிவிடும் என்பது வீண் பேச்சு. உடனே மூச்சைத் திறப்பது ஒரு வகை. தினமும் தவறாமல் எடுத்து நோயைக் கட்டுப்படுத்துவது மற்றொரு வகை. நம்மிடம் உள்ளது எந்த வகை என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அழுத்தும் வகை இன்ஹேலரை நன்கு குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, வாயில் வைத்து மெதுவாக உள்ளிழுக்கத் தொடங்கும்போதே அழுத்தி, பத்து எண்ணும் வரை மூச்சை அடக்க வேண்டும். அநேகர் மருந்தை நாக்கில் அடித்துவிட்டு, பலனில்லை என்கிறார்கள். டாக்டர் அல்லது மருந்தாளர் முன்னிலையில் ஒரு முறை செய்து காட்டுங்கள். ஸ்டீராய்டு கலந்த மருந்தானால் பின்னர் வாய் கொப்பளிக்க வேண்டும். இன்ஃபுளுவென்சா, நிமோனியா தடுப்பூசிகளைப் பற்றியும் கேளுங்கள். தினமும் இயன்ற அளவு நடப்பதும் வைத்தியத்தின் ஒரு பகுதியே.

ரமலான் வந்ததும் பலர் தாமாகவே மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். இன்ஹேலரால் நோன்பு முறியுமா என்பதில் மார்க்க அறிஞர்களிடையே அபிப்பிராய பேதம் உண்டு. நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை இருப்பதை யாவரும் அறிவோம். ஒரு மாதத்துக்கு முன்பே டாக்டரிடமும் ஆலிமிடமும் கேட்டு முடிவு செய்வதே முறை. தினம் ஒரு முறை, இரு முறை எடுக்கும் மருந்துகளை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் ஒத்துவரும்படி அமைக்க முடியுமா என்று டாக்டர் சொல்வார்.

ஹஜ்ஜுக்கு முன் நடக்கும் மருத்துவப் பரிசோதனையில் மூச்சு நோயை மறைப்பது மிகவும் ஆபத்தானது. எங்கே தடுத்துவிடுவார்களோ என்ற ஆவலை நாம் உணராமலில்லை. ஆனால் மினாவின் வெயிலிலும் ஜனத்திரளிலும் நடக்கப்போவது நம் கால்கள். வாங்கப்போவது நம் மூச்சு. முன்கூட்டிச் சொன்னால் மருந்தும் தடுப்பூசியும் ஏற்பாடாகும். மறைத்தால் நமக்கும் சங்கடம், கூட வரும் குழுவினருக்கும் சங்கடம்.

முதலாளிமார்களின் கடமை

நம் கடைகளில் வேலை செய்யும் பிள்ளைகள் பலர் பெற்றோரைப் பிரிந்து வந்தவர்கள். இருமினால் சொல்லப் பயப்படுவார்கள். சொன்னால் வேலை போய்விடும் என்று எண்ணுவார்கள். "இரண்டு வாரமாக இருமுகிறாயே, தம்பி, நாளைக்குக் காலையில் கிளினிக்குக்குப் போய் வா, அரை நாள் சம்பளம் பிடிக்க மாட்டேன்" என்று முதலாளி வாயால் வந்தால் அவன் தைரியமாகப் போவான். அது அவனுக்கு மட்டுமன்றி, அதே அறையில் உறங்கும் மற்ற ஐந்து பேருக்கும் பாதுகாப்பு. சமையற்கட்டில் புகை வெளியேற நல்ல போக்கி வைப்பதும், மில்லில் முகக்கவசம் கொடுப்பதும், தங்கும் அறைக்கு ஜன்னல் இருப்பதும் முதலாளியின் பொறுப்பு. சிகரெட்டை விட விரும்புகிறவர்களுக்கு அரசாங்கச் சுகாதார நிலையங்களில் ஆலோசனை உண்டு. முதலாளியே முன்னின்று விட்டால் கடை முழுவதும் விடும்.

இன்றிரவு வீட்டில் கேட்க வேண்டிய கேள்விகள்

1. நம் வீட்டில் யாருக்கு இருமல் அல்லது சளி நாட்பட்டு இருக்கிறது?
2. அளவுகோலில் நாம் எந்தப் படியில் இருக்கிறோம்? சென்ற வருஷம் எந்தப் படியில் இருந்தோம்?
3. வாழ்நாளில் நாம் குடித்த புகையின் கணக்கு என்ன?
4. தாயாரும் தகப்பனாரும் எந்தப் புகையில், எந்தத் தூசியில் வேலை செய்தார்கள்?
5. வீட்டில் உள்ள இன்ஹேலரை எடுப்பவர் சரியாக எடுக்கிறாரா?

இவற்றின் விடைகளை எழுதி வைத்துக்கொண்டால், டாக்டரிடம் சொல்ல வேண்டியதில் பாதி தயாராகிவிடும். இருக்கின்ற மூச்சைக் காத்துக்கொண்டு, தொழிலிலும் வணக்கத்திலும் குறைவின்றி வாழும் பாக்கியத்தை எல்லாம் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.